ஆடும் மணிகளை நம்பாதீர்கள்

என் மேசைக்கு வரப்போகும் தங்கைகளுக்கு,

உங்கள் இருவரையும் நான் பார்த்ததில்லை. பதுளையில் நர்ஸ் பயிற்சி முடித்துவிட்டு, அப்புத்தளை மலைச்சரிவில் இருக்கும் இந்தத் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு வருகிறீர்கள் என்று மட்டும் சொன்னார்கள். இரண்டாவது பிள்ளையைச் சுமந்திருப்பதால் நான் வேலையை விடுகிறேன். நீங்கள் வரும்போது இங்கே இருக்க மாட்டேன். அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

நுணுக்குக்காட்டியை, அதுதான் மைக்ரோஸ்கோப்பை, எப்படித் துடைப்பது, விளக்கை எந்தப் பக்கம் வைப்பது என்பதையெல்லாம் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். எதை எவ்வளவு நம்பலாம் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்கும் சொல்லவில்லை. இதை எழுதும்போதுகூட, நான் கண்டதைச் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று இரண்டு முறை யோசித்துவிட்டுத்தான் ஒவ்வொரு வரியையும் வைக்கிறேன். நீங்களும் நான் சொல்வதை அப்படியே நம்பிவிட வேண்டாம். கண்ணாடியில் வைத்துப் பாருங்கள்.

முதலில் ஒரு சிறு விஷயம். மூத்த பிள்ளை பிறந்து நான் வேலைக்குத் திரும்பிய புதிதில், குழந்தை பால் குடித்துவிட்டு வீறிட்டு அழுவான். எடையும் ஏறவில்லை. பால் கெட்டிருக்குமோ என்ற எண்ணம் மனதில் விழுந்துவிட்டது. ஒரு நாள் யாரும் இல்லாத நேரம் பார்த்து, என் பாலில் ஒரு துளியைக் கண்ணாடித் துண்டில் வைத்துப் பார்த்தேன். சின்னச் சின்ன மணிகள். அத்தனையும் துடித்தன. இங்கே ஒரு நடுக்கம், அங்கே ஒரு நடுக்கம், ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓயாமல் ஆடின. பால் முழுக்கப் பூச்சி என்று நினைத்தேன்.

பிறகு பசும்பாலை நன்றாகக் கொதிக்க வைத்து ஒரு துளி பார்த்தேன். அதிலும் ஆடின. கொதித்த பாலில் எந்தப் பூச்சி பிழைக்கும்? அப்போதும் சந்தேகம் தீரவில்லை. விளக்குக் கரியைச் சுரண்டி, கொதித்து ஆறிய நீரில் கரைத்துப் பார்த்தேன். கரித்தூளும் ஆடியது. கரிக்கு உயிர் கிடையாது. அதற்குமேல் சந்தேகப்பட எனக்கே வெட்கமாக இருந்தது.

மாதத்தில் ஒரு தடவை வரும் பெரிய டொக்டரிடம், பாலைப் பற்றி மூச்சுவிடாமல், கரியைப் பற்றி மட்டும் கேட்டேன். தண்ணீர் நம் கண்ணுக்குச் சும்மா இருப்பதுபோல் தெரிந்தாலும் உள்ளே சும்மா இருப்பதில்லை, அது எல்லாப் பக்கமும் இடிக்கிறது, அளவில் மிகச் சிறிய பொருள் அந்த இடி தாங்காமல் ஆடுகிறது, ஆட்டம் அதனுடையது அல்ல என்றார். அதற்குள் அவருடைய குதிரை வண்டி வந்துவிட்டது. மேற்கொண்டு கேட்க முடியவில்லை.

கேட்க நினைத்தது இதுதான். உடம்பு சிறு சிறு அறைகளால் கட்டப்பட்டிருக்கிறது என்று படித்திருப்பீர்கள். அந்த அறையைக் கலம் என்று எழுதுகிறேன். கலத்துக்குள்ளும் மணிகள் இருக்கின்றன. அவற்றுக்கும் கால் இல்லை, மனம் இல்லை. அவையும் கரித்தூளைப் போலவே ஆடுமா?

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் படர்ந்திருந்த பூசணித் தண்டிலிருந்து மெல்லிய முடி ஒன்றைப் பிய்த்து வைத்துப் பார்த்தேன். உயிருள்ள கலத்துக்குள் மணிகள் கரித்தூள்போல் துள்ளவில்லை. சில, ஓடையில் விழுந்த இலைபோல் ஒரு நீரோட்டத்தோடு போயின. மற்றவை ஒரே இடத்தில் சிக்கி லேசாக நடுங்கின. வெகுநேரம் அப்படியே நடுங்கிக்கொண்டிருந்துவிட்டு, எங்கோ ஓர் இடைவெளி கிடைத்ததும் அடுத்த இடத்துக்கு நழுவி, அங்கேயும் சிக்கிக்கொண்டன. மாலையில் கொழுந்து நிறுக்கும் கொட்டகையைப் பார்த்திருப்பீர்கள். முதுகில் கூடையோடு அத்தனை பேரும் நெருக்கியடித்து நிற்கும்போது ஒருத்தி நினைத்த பக்கம் போக முடியாது. தள்ளுகிற பக்கம் அரை அடி நகரலாம், அவ்வளவுதான். உயிருள்ள கலத்தின் உள்ளே அந்த நெருக்கடி இருக்கிறது என்று நினைத்தேன்.

பிறகு அதே முடியை ஊசிமுனையால் நசுக்கினேன். நீரோட்டம் நின்றது. நெருக்கடி கலைந்து உள்ளே தண்ணீர் புகுந்திருக்க வேண்டும். சற்று நேரத்தில் மணிகள் அவிழ்த்துவிட்டதுபோல் ஆடத் தொடங்கின. செத்த பிறகுதான் அவ்வளவு ஆட்டம்.

இதை யாரிடமும் சொல்லவில்லை. பூசணி முடிக்குப் பொருந்துவது மனிதருக்குப் பொருந்துமா என்று எனக்கே நிச்சயம் இல்லை. ஆனால் அன்று முதல் கண்ணாடியில் எது வேகமாக ஆடினாலும் அதைக் கொஞ்சம் முறைத்துத்தான் பார்த்தேன்.

இனி பாக்கியத்தின் கதை.

போன மழைக்காலத்தில் லயங்களில் சீதபேதி பரவியது. பாக்கியம் கொழுந்து எடுப்பவள். வயிற்றில் ஏழு மாதம். முன்பு இரண்டு தங்காமல் போயிருந்தன. ஒரு காலையில் அவள் புருஷன் கருப்பையாவும் இன்னும் மூன்று பேரும் அவளைக் கம்பளித் தொட்டிலில் தூக்கி வந்தார்கள். ரத்தமும் சளியுமாகப் போகிறது, நேற்றிலிருந்து கஞ்சிகூட நிற்கவில்லை என்றார்கள். பரிசோதனைக்கு மலத்தையும் தகரக் குவளையில் மூடிக் கொண்டு வந்திருந்தார்கள். தோட்டத்தின் உச்சிப் பிரிவான மேல் கணக்கு லயத்திலிருந்து மூடுபனிக்குள் நடந்து வந்ததில் குவளை ஐஸ்போல் குளிர்ந்திருந்தது.

மருந்தும் ஊசியும் கொடுக்கும் நம் டிஸ்பென்சர் ஐயாவை நீங்கள் வந்ததும் பார்ப்பீர்கள். யாழ்ப்பாணத்துக்காரர். கை வேகம், வாய் அதைவிட வேகம். மனது நல்லது என்று நான் தெரிந்துகொள்ள வெகுநாள் ஆயிற்று. அன்று எனக்கு அது தெரியாது.

சீதபேதியில் இரண்டு வகை உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். அமீபா என்ற ஒற்றைக் கல உயிரால் வருவது ஒன்று. அதற்கு எமெட்டின் ஊசி போட்டால் கேட்கும். மற்ற வகைக்கு அந்த ஊசி ஒன்றும் செய்யாது, இதயத்தை மட்டும் அடிக்கும். வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு இன்னும் ஆபத்து. பிள்ளை விழுந்துவிடலாம். ஆகவே கேள்வி ஒன்றுதான். அமீபா இருக்கிறதா, இல்லையா?

நான் பார்த்தேன். பெரிய உருண்டைக் கலங்கள் நிறைய இருந்தன. பலவற்றின் உள்ளே மணிகள் துள்ளி ஆடின. ஐயா என்னை விலக்கிவிட்டுக் கண்ணை வைத்தார்.

"உள்ளுக்கை என்ன ஆட்டம் ஆடுது பாரும். உயிரோடை கிடக்கு. அமீபாதான் பிள்ளை. ஊசியை எடும்."

"ஐயா, உள்ள இருக்கிற மணிதான் ஆடுது. கலம் நகரலையே."

"நகர்ந்தால் என்ன, நகராட்டில் என்ன? ஆடுறது உயிர்தானே."

"செத்த கலத்துலதான் அப்படி ஆடும்னு நினைக்கிறேங்க."

"ஆர் சொன்னது?"

பூசணி முடி சொன்னது என்று எப்படிச் சொல்வது?

"உமக்கு எல்லாத்திலையும் ஐமிச்சம். சோறு அவிஞ்சுதோ எண்டு ஒவ்வொரு பருக்கையாப் பாக்கிற ஆள் நீர்." அவர் ஊசியைக் கொதிநீரில் போட்டார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "போன மாசம் உம்மைப் போலத்தான் நானும் பாப்பம், பாப்பம் எண்டு இருந்தனான். அந்த மனுசனை எங்கை தாட்டிருக்கு எண்டு போய்ப் பாரும்."

அது உண்மை. அந்த மனிதர் இறந்த அன்று ஐயா சாப்பிடவில்லை. அவருடைய அவசரத்துக்குக் காரணம் இருந்தது. என் தயக்கத்துக்கு என்ன காரணம் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். கண்டதைச் சொல்கிறேனா? அல்லது பக்கத்து அறையில் தூளியில் தூங்கும் என் மகனை நினைத்துக்கொண்டு, வயிற்றுப் பிள்ளை என்றதும் பயப்படுகிறேனா? இல்லை, ஐயா சொல்வது பிழையாக இருக்க வேண்டும் என்று உள்ளுக்குள் ஓர் ஆசையா? மூன்றும் இருந்திருக்கும்.

வெளியே கருப்பையா கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "சாமி, ஊசி போட்டாச் சரியாயிரும்னா போட்ருங்க. புள்ள போனாலும் போகுது, இவ இருந்தாப் போதும்."

படுக்கையிலிருந்து பாக்கியம் தலையைத் தூக்கினாள். "பேசுறதப் பாரு. ஒன் வயித்துலயா இருக்கு? நர்ஸம்மா, அந்த ஊசி போட்டாப் புள்ள தங்குமாங்க?"

"தெரியல பாக்கியம்."

"தெரியாமத்தான் போடப்போறீங்களா?"

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் எனக்குப் பேச்சு வந்தது. ஐயாவிடம் போய், இந்தக் குவளை குளிர்ந்துபோய் வந்திருக்கிறது, ஆடுகிற கலங்கள் செத்தவை என்றே வைத்துக்கொண்டாலும், பக்கத்தில் ஆடாமல் அசையாமல் இருக்கும் கலங்கள் குளிரில் சுருண்டுபோன அமீபாவாக இருக்கலாம், அல்லது வெறும் சீழாக இருக்கலாம், சூட்டோடு புதிதாக ஒன்று எடுத்து ஒரே ஒரு தடவை பார்க்க விடுங்கள் என்றேன்.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "அப்ப ஆடுறது செத்தது, ஆடாதது உயிர் எண்டுறீர்."

"உயிரா இருக்கலாம்னு சொல்றேங்க."

"பைத்தியக்கார ஆஸ்பத்திரி இது." ஊசியைக் கொதிநீரிலேயே விட்டார். "இது ஆறுறதுக்கு முன்னம் வந்து சொல்லும். பிறகு நான் கேக்க மாட்டன்."

பாக்கியத்துக்கு அடுத்த முறை வயிறு முறுக்குவதற்குக் காத்திருக்க வேண்டியதாக இருக்கவில்லை, பாவம். வெந்நீரில் நிறுத்தி வைத்த குவளையில் எடுத்தேன். கண்ணாடித் துண்டைக் கையில் வைத்துச் சூடாக்கினேன். நுணுக்குக்காட்டிக்கு இரண்டு பக்கமும் வெந்நீர்ப் போத்தல்களை நிறுத்தி, விளக்கின் வெளிச்சம் வர இடம் விட்டு, கம்பளியால் அதையும் என் தலையையும் சேர்த்து மூடிக்கொண்டேன். உள்ளே புழுக்கம். வெளியே ஐயா நடக்கும் சத்தம்.

அந்த நேரம் பார்த்து என் மகன் விழித்துக்கொண்டு அழுதான். பசி அழுகை. கேட்டதும் பால் சுரந்து ரவிக்கை நனைந்தது. எழுந்து போனால் சூடு போய்விடும். போகாவிட்டால் பிள்ளை அழுவான். எழவில்லை. அன்றைக்கு நான் எதையாவது தீர்மானமாகச் செய்தேன் என்றால் அது அதுதான், அதுகூடச் சரியா என்று இன்றும் தெரியாது.

ஆடும் கலங்கள் ஆடிக்கொண்டே இருந்தன. மணிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் துடித்தன. கலத்தின் ஓரம் மட்டும் வரைந்து வைத்ததுபோல் அப்படியே இருந்தது. அவற்றை விட்டுவிட்டு ஓர் அசையாத உருண்டையைப் பிடித்துக்கொண்டேன். அதன் உள்ளே மணிகள் சிக்கிக் கிடந்தன. நெருக்கடிக்குள் இருக்கும் அந்த மெல்லிய நடுக்கம் மட்டும் இருந்தது. பார்க்கப் பார்க்கக் கண் நீர் கோத்தது. நான் பார்க்க விரும்புவதைக் கண் காட்டிவிடுமோ என்று பயந்து, கண்ணை மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

அப்போது ஓரத்தில் ஒரு பக்கம் தெளிந்து, பளிங்குபோல் லேசாகப் புடைத்தது. புடைப்பு நீண்டு விரல்போல் ஆனது. உள்ளே சிக்கிக் கிடந்த மணிகள் ஒன்றாகச் சேர்ந்து அந்த விரலுக்குள் சாய்ந்து ஓடின. ஒரே திசை. கலம் முழுவதுமே அந்தப் பக்கம் நகர்ந்தது. சற்று நின்று, மறுபடி விரல் நீட்டியது.

அமீபா.

தங்கைகளே, ஆடும் கலங்களைப் பற்றி நான் சொன்னது சரி. அவை செத்தவை. ஆனால் நோயைப் பற்றி ஐயா சொன்னதும் சரி. என் சந்தேகம் முழுவதும் ஊசி வேண்டாம் என்பதை நோக்கியே போய்க்கொண்டிருந்தது. கண்ணாடி என்னை நேர் எதிரே கொண்டுபோய் நிறுத்தியது. கம்பளிக்குள் இருந்தபடியே, இதைச் சொல்லாமல் விட்டால் என்ன என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அதனால்தான் சொல்கிறேன், பிறரைச் சந்தேகிப்பது சுலபம். உங்கள் சந்தேகம் உங்களுக்குப் பிடித்த பக்கமாகவே போகிறதா என்று பாருங்கள்.

கம்பளியை விலக்கி ஐயாவைக் கூப்பிட்டேன். அவர் வெகுநேரம் பார்த்தார். "நான் அப்பவே சொன்னனான்" என்று சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

"நான் காட்டினது இதையில்லை" என்றார் கடைசியில்.

"இல்லைங்க."

"அப்ப இவ்வளவு காலமும் ஆடுறதைப் பாத்து எத்தினை பேருக்குக் குத்தியிருப்பன்?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இப்போது தயங்குவது அவர். "அமீபா நிச்சயம். ஆனால் உவளின்ரை வயித்தையும் பாக்க வேணுமே. என்ன செய்வம் பிள்ளை?" அவர் என்னிடம் கேள்வி கேட்டது அன்றுதான் முதல் தடவை. நானும் முதல் தடவையாக அவரிடம் சந்தேகத்துக்குப் பதிலாக ஒரு வழியைச் சொன்னேன். முழு அளவு வேண்டாம், பாதி போடுவோம், எழுந்து உட்காரவே விட வேண்டாம், நாடியில் விரலை வைத்துக்கொண்டு நான் பக்கத்திலேயே இருக்கிறேன், நாடி தடுமாறினால் நிறுத்திவிடுவோம்.

பாக்கியத்திடம் நானே போய்ச் சொன்னேன். பூச்சியைக் கண்ணால் கண்டேன், ஊசி போடாவிட்டால் நீ பிழைப்பது கஷ்டம், போட்டால் பிள்ளைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. மறைக்கவில்லை. மணிகள் ஆடுவதையும் தண்ணீர் இடிப்பதையும்கூட, ஏன் நேரம் ஆயிற்று என்பதற்காகச் சொன்னேன்.

அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "நீங்க பெத்தவ. ஒங்க வயித்துல இருந்தா என்ன செய்வீங்க?" என்றாள்.

"பயந்துக்கிட்டே போட்டுக்குவேன்."

"அப்ப எனக்கும் போடுங்க. நானும் பயந்துக்கிட்டே போட்டுக்கிறேன்."

அந்த வாரத்திலேயே தேயிலை அரைக்கும் தொழிற்சாலைக்காரர் ஒருவர் அதே நோயோடு வந்தார். ஆடும் கலங்கள்தான் நிறைய இருந்தன. சூடாக்கி, போர்த்திக்கொண்டு, எவ்வளவு பார்த்தும் ஒன்றுகூட விரல் நீட்டவில்லை. ஐயாவே ஊசியை எடுத்து வைத்துவிட்டு உப்பு மருந்து கொடுத்தார். வந்தவர் அதிலேயே குணமாகி, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போனார். இதை நான் வென்றதாகச் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒரே மாதிரி நோயோடு வந்தார்கள், ஒருவருக்கு ஊசி வேண்டும், ஒருவருக்கு வேண்டாம். ஆட்டத்தை நம்பியிருந்தால் இந்த வித்தியாசம் தெரிந்திருக்காது.

பாக்கியத்துக்கு ரத்தம் குறைந்தது. ஒருமுறை நாடி தடுமாறியது, ஊசியை நிறுத்தினோம், பிறகு தொடர்ந்தோம். கஞ்சி நின்றது. முகத்தில் களை வந்தது. ஆனால் கடைசி ஊசிக்கு மறுநாள் அவள் கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தாள். என்ன என்று கேட்டதற்கு, "புள்ள அசையலைங்க" என்றாள்.

ஐயா, பிள்ளையின் இதயத்துடிப்பைக் கேட்கும் மரக்குழலை வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தார். குடல் இரையும் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. "ஒண்டும் வடிவாக் கேக்கேல்லை" என்று சொல்லிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போய்க் கருப்பையாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

நான் உள்ளங்கையை அவள் வயிற்றில் வைத்தேன். சற்று நேரத்தில் பாக்கியம் பரபரத்தாள். "இந்தா, இந்தா. அசையுது!"

எனக்கும் தெரிந்தது. ஆனால் அது அவள் மூச்சோடு ஏறி மூச்சோடு இறங்கியது. "இல்ல பாக்கியம். அது ஒன் மூச்சு."

மறுபடி ஏதோ உருண்டது. "இது?"

"குடல் இரையுது. அது தள்ளுது."

"புள்ளைய எனக்குத் தெரியாதா?" அவள் கண் நிறைந்துவிட்டது. நான் எவ்வளவு கொடுமைக்காரி என்று எனக்கே தோன்றியது. ஆமாம், அசைகிறது என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு அவள் நிம்மதியாகத் தூங்குவாள். நான்?

"கொஞ்சம் மூச்சப் புடிச்சுக்க. அசையாம இரு."

அவள் மூச்சைப் பிடித்தாள். நானும் பிடித்துக்கொண்டேன். வயிறு அடங்கியது. குடலும் சும்மா இருந்தது. எந்தப் பக்கத்திலிருந்தும் எதுவும் தள்ளவில்லை.

என் உள்ளங்கையின் நடுவில் ஒரு குத்து. சின்ன, கெட்டியான குத்து. அது அழுத்திக்கொண்டே என் சுண்டுவிரல் பக்கம் வழுக்கிப் போய், அங்கே நின்று, மறுபடி உதைத்தது.

பாக்கியம் பிடித்திருந்த மூச்சைச் சிரிப்பாக விட்டாள். கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னங்க நர்ஸம்மா, இதுவும் தண்ணி இடிக்கிறதா?"

"இல்ல" என்றேன். "இது தானா ஒதைக்குது."

இரண்டாவது தடவை யோசிக்காமல் நான் இந்த ஆஸ்பத்திரியில் சொன்ன பதில் அது ஒன்றுதான்.